மூடியும் மூடாத வீடியோ பிளேயர்
கோணேசர் நகர்வல வீடியோவைப் பார்த்துவிட்டு பிளேயரை மூடினேன். திரையில் இல்லை, ஆனால் பென்டிரைவைக் கழற்ற விடாமல் கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பிளேயர் உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! கோப்பைப் பிடித்து வைத்திருந்தது அதுதான். எண்ட் டாஸ்க் கொடுத்ததும் விட்டது. ஆனால் அடுத்த வீடியோவிலும் அதே கதை.

உப்புவெளி மச்சான், பிளேயரை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னான். அவன் எல்லாவற்றுக்கும் சொல்லும் மருந்து அது. அழித்தாலும் பழைய செட்டிங்ஸ் பெரும்பாலும் யூசர் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும்.

நான் பிளேயர் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் டிகோடிங்கை, அதாவது வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதியை, நிறுத்திப் பார்த்தேன். உடனே ஒழுங்காக மூடியது. அப்படியென்றால் சிக்கல் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளில். டிகோடிங்கை நிறுத்தியே வைத்தால் பிராசஸருக்குச் சுமை கூடும், பழைய லேப்டாப் சூடாகும். அதனால் டிரைவரைப் புதுப்பித்து, டிகோடிங்கைத் திரும்பப் போட்டேன். சரி, இப்போது பென்டிரைவும் மறுபேச்சில்லாமல் கழல்கிறது.