கடலோர ஊரில் மாடிப்படிக்கும் நடைபாதைக்கும் இரும்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடலூர் கடற்கரையையொட்டிய தேவனாம்பட்டினத்தில் உள்ள எங்கள் வீட்டின் பின்புற மாடிப்படிக்கு அடியில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது, கான்கிரீட் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே தெரிந்த கம்பி ஏடு ஏடாக உரிந்து, விரலால் தேய்த்தால் பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. அதே படிகளின் மேற்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அன்று காலை வரை அதன்மீதுதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் படிக்கட்டை இடித்துவிட்டு இரும்பில் கட்டினோம். அப்போது கற்றுக்கொண்டவற்றை, கடலூரிலும் புதுச்சேரியிலும் முதன்முறையாக இவ்வேலையில் இறங்குபவர்கள் பின்பற்றக்கூடிய வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், இரும்பு தேவைதானா என்று பாருங்கள்

உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்குமே, கான்கிரீட்தானே பாதுகாப்பு என்று பலரும் கேட்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருப்பதும் இரும்புக் கம்பிதான். கடற்காற்றின் உப்பு நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி எம்30 என்னும் வலிமைத் தரக் கலவையும் கம்பியின் மேல் 45 மிமீ மூடலும் கேட்கிறது. வீட்டுப் படிக்கட்டுகளில் அந்த மூடல் பெரும்பாலும் 20 மிமீ அளவிலேயே நின்றுவிடுகிறது. வெளியில் நிற்கும் இரும்பின் துரு கண்ணுக்குத் தெரியும், பழுதான துண்டை மட்டும் கழற்றி மாற்றவும் முடியும். நான் இரும்பின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மரம் வீட்டுக்குள் நிழலில் இருக்கும்வரை அருமையானது. மழையும் வெயிலும் மாறி மாறிப் படும் இடத்தில் அது உப்பி, சுருங்கி, வெடிக்கும். மண்ணைத் தொட்டால் கரையான் ஏறிவிடும்.

எனவே வெளிப்புற மாடிப்படி, தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லும் நடைபாதை, கடைக்குள் போடும் பரண் தளம், கால்வாயைக் கடக்கும் சிறு பாலம் ஆகியவற்றுக்கு இரும்பைத் தேர்ந்தெடுக்கலாம். புதுச்சேரியின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இது இன்னும் பொருந்தும். தேக்கு உத்தரங்களின்மீது செங்கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிய அந்தக் கூரைகள் கூடுதல் எடையைத் தாங்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்கும்; 150 மிமீ கனக் கான்கிரீட் பலகை சதுர மீட்டருக்கு 375 கிலோ இருக்க, 5 மிமீ செக்கர் பிளேட், அதாவது வழுக்காமலிருக்கப் புடைப்புகள் வைத்த இரும்புத் தகடு, 40 கிலோவைச் சற்றே தாண்டும், தாங்கும் சட்டங்களைச் சேர்த்தாலும் பாதியை எட்டாது. தரையோடு தரையாகப் போகும் தோட்டப் பாதைக்கும் அறைகளின் தளத்துக்கும் இரும்பு வேண்டாம். அங்கே கான்கிரீட்டும் கல்லும்தான் பொருத்தம்.

என்ன உலோகம்?

சாதாரண இரும்பை, அதாவது பட்டறையில் எம்எஸ் என்று சொல்வதை, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்துப் பயன்படுத்துவதே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இதை ஹாட் டிப் கால்வனைசிங் என்று கேட்டு வாங்குங்கள். ஏறத்தாழ 450 டிகிரி சூட்டில் உருகியிருக்கும் துத்தநாகம் இரும்போடு உலோகக் கலவையாகவே இணைந்துவிடுகிறது. 5 மிமீக்குக் குறையாத கனமுள்ள இரும்பில், ஐ.எஸ். 4759 தரவிதிப்படி சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது சுமார் 85 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பூச்சு இருக்க வேண்டும். கடலிலிருந்து சற்றுத் தள்ளிய தெருக்களில் ஆண்டுக்கு 2 முதல் 4 மைக்ரான் கரையும் என்று கணக்கிட்டால், பூச்சு 20 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். அலைச் சாரல் எட்டும் இடத்தில் கரைவு இரட்டிப்பாகலாம் என்பதால், அங்கே துத்தநாகத்தின்மேல் பெயின்ட்டும் அடிக்க வேண்டும். புதிய துத்தநாகப் பரப்பில் நேரடியாக எனாமல் அடித்தால் அது தோல் தோலாக உரியும்; அதற்கென்று உள்ள எட்ச் பிரைமரை முதலில் பூசுங்கள்.

எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு, வாங்குவதானால் கைப்பிடிக்கு மட்டும் வாங்கினால் போதும். 304 வகை நம் கடற்கரையில் சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போன்ற பழுப்புப் புள்ளிகளைக் காட்டும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வகையைக் கேளுங்கள். அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் அதை இரும்போடு நேராகச் சேர்த்து முடுக்கினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் நைலான் வாஷர் கட்டாயம்.

கால் படும் பரப்பு

செக்கர் பிளேட், கிரேட்டிங் என்ற இரண்டில் ஒன்றைத்தான் பட்டறையில் காட்டுவார்கள். கிரேட்டிங் என்பது நிறுத்தி வைத்த பட்டைகளால் ஆன சல்லடைத் தளம். அதில் மழைநீரும் மணலும் நிற்காது, காற்றும் ஊடுருவும். தொட்டி நடைபாதைக்கும் மீன் ஐஸ் கூடத்துக்கும், மேல்விளிம்பில் பல் வெட்டிய கிரேட்டிங்கைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் நம் வீடுகளில் மாடிக்கு வெறுங்காலோடுதான் ஏறுகிறோம். வடகம் காயப்போடப் போகும் அம்மாவின் பாதத்தைக் கிரேட்டிங் பட்டைகள் வெட்டும். கீழே நிற்பவருக்கு மேலே போகிறவர் தெரிவதும் பெண்களுக்குச் சங்கடம். அதனால் வீட்டுப் படிக்குச் செக்கர் பிளேட் நல்லது. பிளேட்டின் முன், பின் விளிம்புகளை 50 மிமீ கீழ்நோக்கி மடித்தால் மிதிக்கும்போது அதிராது. ஒவ்வொரு படியிலும் 10 மிமீ அளவில் இரண்டு துளைகள் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் புடைப்புகளுக்கு இடையே உப்புநீர் தேங்கும்.

அக்னி நட்சத்திர வெயிலில் இரும்புப் படியில் வெறுங்காலை வைக்க முடியாது. வீட்டில் வெயில் குறைவாகப் படும் பக்கத்தில் இடமிருந்தால் படியை அங்கே அமையுங்கள். முடியாதென்றால் இரும்புச் சட்டத்தின்மேல் கிரானைட் பலகை பொருத்தலாம். கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் துண்டுகள் வைத்து ஈரம் காய இடைவெளி விடுங்கள்.

அளவெடுத்தல்

இங்கே நிதானம் வேண்டும். தரையின் முடிந்த மட்டத்திலிருந்து மாடியின் முடிந்த மட்டம் வரை அளக்க வேண்டும். மாடியில் இனிமேல்தான் தட்டோடு பதிக்கப் போகிறீர்கள் என்றால் அதன் கனத்தையும் இப்போதே சேருங்கள். அதை மறந்தால் கடைசிப் படி மட்டும் உயரம் மாறும், இருட்டில் இறங்குபவர் அந்த ஒரு படியில்தான் தடுக்கி விழுவார்.

உயரம் 3150 மிமீ என்று வைத்துக்கொள்வோம். 18 ஆல் வகுத்தால் ஒரு படியின் உயரம் 175 மிமீ. மிதிக்கும் அகலம் 260 மிமீ என்றால், இரு உயரமும் ஓர் அகலமும் சேர்ந்து 610 வருகிறது. 600 முதல் 630 வரை இருந்தால் ஏறுவதற்கு இதமாக இருக்கும். பதினெட்டாவது படி மாடித் தளமே என்பதால் மிதிகள் 17 தாம், ஆகவே படிக்கட்டு ஓடும் நீளம் 4420 மிமீ, அதாவது பதினான்கரை அடி. இடம் போதாதபோது உயரத்தைக் கூட்டிப் படிகளைக் குறைக்கத் தோன்றும். வீட்டுப் படிக்கு 190 மிமீக்கு மேல் போகாதீர்கள். நடுவில் ஒரு தளம் வைத்துத் திருப்புங்கள்.

படிக்கட்டு சதுர மீட்டருக்கு 300 கிலோ சுமையைத் தாங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. படிகளை இருபுறமும் தாங்கும் ‘ப’ வடிவ இரும்புச் சட்டமான பக்கவாட்டுச் சேனலின் அளவை ஒரு கட்டடப் பொறியாளரிடம் கணக்கிட்டு வாங்குவதே சரி, பட்டறையின் பழக்கத்துக்கு அதை விட்டுவிடாதீர்கள். கைப்பிடியின் உயரம் 1 மீட்டர், செங்குத்துக் கம்பிகளின் இடைவெளி 100 மிமீக்குள் இருக்கட்டும். கிடைமட்டக் கம்பிகளைக் குழந்தைகள் ஏணியாக்கிக்கொள்வார்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

எங்கள் தொட்டி நடைபாதையைச் செய்து கொடுத்தவர்கள் ஜிஐ பைப்பை, அதாவது ஏற்கெனவே துத்தநாகம் பூசிய குழாயை, வீட்டுக்குக் கொண்டுவந்து, இங்கேயே வெல்டிங் செய்து, இணைப்புகளின்மேல் சில்வர் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது வடகிழக்குப் பருவமழையிலேயே ஒவ்வோர் இணைப்புக்கும் கீழே பழுப்புக் கோடு வழிந்தது.

ஆகவே வரிசை மாறக்கூடாது. வெட்டுதல், துளையிடுதல், வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் துத்தநாகத்தில் முக்க வேண்டும். அதன்பின் வீட்டில் போல்ட் போட்டு இணைக்க வேண்டும். முக்கும் தொட்டியின் நீளத்தை முன்பே கேட்டு, துண்டுகளை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். இருமுனையும் அடைத்த பைப்புகளில் காற்றுத்துளை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி, தொட்டிக்குள் பைப் வெடித்துவிடும்.

இரும்புக்குக் கிலோ கணக்கில் விலை சொல்வார்கள், ஆனால் மொத்தத் தொகை பேசினால் கனம் குறையக்கூடும். வெர்னியர் என்ற அளவுகோலால் தகட்டின் கனத்தைப் பாருங்கள். 5 மிமீ செக்கர் பிளேட் சதுர அடிக்கு ஏறத்தாழ 4 கிலோ நிற்க வேண்டும்.

நிறுத்துதல்

சேனலைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். இரண்டும் சந்திக்கும் கோட்டில்தான் நீர் நின்று இரும்பை அறுக்கும். தரையிலிருந்து குறைந்தது 150 மிமீ உயரப் பீடம் கட்டி, அதன் மேற்பரப்பை வெளிப்பக்கம் சரித்து, சேனலின் அடியில் உள்ள பேஸ் பிளேட் என்ற தகட்டை, கான்கிரீட்டில் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டால் முடுக்குங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது உங்கள் தெருவில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று நினைவிருந்தால், பீடத்தை அதற்கு மேலே நிறுத்துங்கள்.

எடை குறைவு என்பது புயலில் பலவீனமும் ஆகும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிரேட்டிங் துண்டு ஒவ்வொன்றையும் நான்கு மூலையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள்.

6 மீட்டர் நடைபாதை, விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 40 டிகிரி மாறினால் சுமார் 3 மிமீ நீளும். ஒரு முனையின் துளைகளை நீள்வட்டமாக வெட்டினால் அது போல்ட்டை இழுக்காமல் நகரும்.

பராமரிப்பு

மழை கழுவும் மேற்பக்கத்தைவிட, மழையே படாத அடிப்பக்கம்தான் முதலில் கெடும், ஏனெனில் அங்கே படியும் உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைக் குழாயால் படியின் அடியில் பீய்ச்சுங்கள். கடற்கரையில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒரு டார்ச்சோடு அடியில் குனிந்து, பேஸ் பிளேட்டின் ஓரத்தையும் மடிப்புகளின் உள்மூலையையும் ஒவ்வொரு போல்ட் தலையையும் பாருங்கள். வெள்ளைப் பொடி துத்தநாகத்துடையது, கழுவினால் போதும். பழுப்பு தென்பட்டால் அந்த இடத்தை மட்டும் கம்பி பிரஷால் பளபளப்பாகத் தேய்த்து, அன்றே ஜிங்க் செறிந்த பிரைமரை இரண்டு கை அடித்துவிடுங்கள்.