மைனஸ் எண்ணை வலப்பக்கம் ஷிஃப்ட் செய்யும் முன்

ஜாவாவில் -7 >> 1 போட்டால் -3 வராது, -4 தான் வரும். பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தும்போது காலியாகும் இடப்பக்கத்தை >> குறி பிட்டாலேயே (மைனஸா பிளஸா என்று காட்டும் முதல் பிட்) நிரப்புவதால் விடை கீழ்நோக்கிப் போகிறது. -7 / 2 பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டி -3 தரும். வேகத்துக்காக வகுத்தலை ஷிஃப்ட்டாக மாற்றுவது வேண்டாத வேலை.

>>> (காலியிடத்தை எப்போதும் பூஜ்ஜியத்தால் நிரப்புவது) இன்னும் வம்பு. 8 பிட் கொண்ட பைட் மாறியில் -16 இருக்கும்போது மேல் நான்கு பிட்டை எடுக்க >>> 4 போட்டால், 15-க்குப் பதில் 268435455 வந்து நிற்கும். ஷிஃப்ட்டுக்கு முன்பே பைட் 32 பிட் இன்ட்டாக விரிந்து, முன்னால் 24 ஒன்றுகள் சேர்ந்துவிடுகின்றன. முதலில் & 255 போட்டு மாஸ்க் செய்துவிட்டு, அதாவது கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு (அடைப்புக்குறி முக்கியம்), பிறகு ஷிஃப்ட் செய்யுங்கள்.

பைத்தானில் >>> கிடையாது. அங்கே 32 பிட் மதிப்பு வேண்டுமானால் & 4294967295.