மோட்டாரைப் போடும் முன் நிறுத்தும் விதியை எழுதுங்கள்: வீட்டு ஆட்டோமேஷனைச் சீர்செய்யும் செய்முறை

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை கீழ் வீட்டு அக்கா ஃபோன் செய்தார். "தம்பி, படிக்கட்டு பூரா தண்ணி. உங்க மோட்டார் ஓடிக்கிட்டே கிடக்கு."

நான் அப்போது கிண்டியில் ஆபீஸில் இருந்தேன். மோட்டார் தானாக ஓடி 20 நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும் என்று நானே எழுதிய விதி அது. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அன்று மோட்டார் ஓட ஆரம்பித்த ஆறாவது நிமிடம் கரண்ட் போயிருக்கிறது. கூடவே விதிகளை ஓட்டும் பெட்டியான ஹப்பும் அணைந்தது. 'இன்னும் 14 நிமிடம் காத்திருந்து நிறுத்து' என்று அது மனதில் வைத்திருந்த கணக்கும் அதோடு போயிற்று. அரை மணி கழித்துக் கரண்ட் வந்ததும் ஸ்மார்ட் ஸ்விட்ச் மட்டும் விசுவாசமாகத் தன் பழைய நிலைக்கு, அதாவது ஆன் நிலைக்கு, திரும்பிவிட்டது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

தப்பு என்னுடையது. அன்றைக்கு வீட்டிலிருந்த எல்லா விதிகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். அப்படி எழுதியபோது பின்பற்றிய வரிசைதான் இது. நான் வைத்திருப்பது ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள். அலெக்ஸா, கூகுள் ஹோம், ஸ்மார்ட் லைஃப் என்று நீங்கள் எதை வைத்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். பெயர்களும் பட்டன் இருக்கும் இடமும்தான் மாறும். சில வசதிகள் சில ஆப்களில் கிடையாது, அவ்வளவுதான்.

படி 1: ஆப்பைத் திறக்காதீர்கள், பேப்பரை எடுங்கள்

விதியை முதலில் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அதில் மூன்று துண்டுகள் இருக்கும். எது நடந்தால் விதி விழிக்க வேண்டும் என்பது ட்ரிக்கர். அந்த நொடியில் வேறு எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது கண்டிஷன். பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது ஆக்‌ஷன்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது முதல் இரண்டில்தான். ட்ரிக்கர் என்பது காலிங் பெல் மாதிரி, ஒரு நொடியில் அடித்து ஓய்ந்துவிடும். பெல் அடித்ததும் கதவு ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பதுதான் கண்டிஷன். பெல்லே அடிக்காவிட்டால் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

எங்கள் ஹால் விளக்கின் விதியைப் பாருங்கள்: 'ஹாலில் நடமாட்டம் தெரிந்தால், சூரியன் மறைந்திருந்தால், விளக்கைப் போடு.' படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நவம்பரில் ஒரு நாள் 5.30க்கு அப்பா, அத்தை, பசங்க எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். சென்சார் 5.30க்கே 'நடமாட்டம் உண்டு' என்று சொல்லிவிட்டது. அப்போது வெளிச்சம் இருந்ததால் விதி ஒன்றும் செய்யவில்லை. 5.40ஐ ஒட்டிச் சூரியன் மறைந்தது. பேச்சு ஓயாததால் சென்சாரின் நிலையும் மாறவில்லை. பெல் மறுபடி அடிக்கவே இல்லை. ஆறரை வரைக்கும் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருத்தம் எளிது. ட்ரிக்கரை இரண்டாக்குங்கள்: நடமாட்டம் தெரிந்தாலும் பெல், சூரியன் மறைந்தாலும் பெல். கண்டிஷனில் இரண்டையுமே கேளுங்கள்: நடமாட்டம் இருக்கிறதா, சூரியன் மறைந்துவிட்டதா? எது முதலில் நடந்தாலும் இனி விளக்கு எரியும்.

'6.15க்கு வாசல் விளக்கைப் போடு' என்று கடிகார நேரம் கொடுத்திருந்தால் அதையும் சூரிய அஸ்தமனத்துக்கு மாற்றிவிடுங்கள். சென்னையில் அஸ்தமனம் நவம்பர் கடைசியில் 5.40ஐ ஒட்டியும் ஜூலையில் 6.40ஐ ஒட்டியும் வரும். நடுவில் ஒரு மணி நேர வித்தியாசம். நான் 'அஸ்தமனத்துக்கு 15 நிமிடம் முன்பு' என்று வைத்திருக்கிறேன். அம்மா விளக்கு வைக்கிற நேரத்தோடு அது ஒத்துப்போகிறது.

படி 2: நிறுத்தும் விதிகள் முதலில்

இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். எங்கள் மோட்டாரின் பேப்பர் இப்போது இப்படி இருக்கிறது.

நிறுத்து:
– மேல் தொட்டி 90 சதவீதத்தைத் தாண்டினால்.
– மோட்டார் தொடர்ந்து 25 நிமிடம் ஓடியிருந்தால்.
– சம்ப்பில் (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில்) தண்ணீர் 15 சதவீதத்துக்குக் கீழே போனால்.
– தொட்டி சென்சாரிடமிருந்து 5 நிமிடமாகச் செய்தியே வராவிட்டால்.
– ஹப் புதிதாக விழித்தெழுந்தால்.

போடு:
– மேல் தொட்டி 30 சதவீதத்துக்குக் கீழே இரண்டு நிமிடம் தொடர்ந்து இருந்தால், அல்லது காலை 6 மணிக்கு 30க்குக் கீழே இருந்தால். அப்போது சம்ப்பில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், நேரம் காலை 6க்கும் இரவு 9க்கும் இடையே இருக்க வேண்டும்.

போடுவதற்கு ஒரு விதி, நிறுத்துவதற்கு ஐந்து. அந்த ஐந்தும் தனித்தனி விதிகள். 'போட்டுவிட்டு 20 நிமிடம் காத்திருந்து நிறுத்து' என்று ஒரே விதிக்குள் மூட்டை கட்டியதுதான் என் பழைய குற்றம். சம்ப்புக்கான விதியை வீண் எச்சரிக்கை என்று நினைக்க வேண்டாம். மெட்ரோ வாட்டர் வராத நாளில் சம்ப் காலியாக இருக்க, மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு ஓடினால் சீல் போய்விடும்.

30, 90 என்று இவ்வளவு இடைவெளி எதற்கு? முதலில் நான் '90க்குக் கீழே போனால் போடு, 90ஐத் தொட்டால் நிறுத்து' என்றுதான் வைத்தேன். தண்ணீர் விழும்போது தொட்டிக்குள் அலை அடிக்கும். மேலிருந்து அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் 89, 91, 90, 88 என்று மாற்றி மாற்றிச் சொன்னது. மோட்டார் டக், டக் என்று போட்டுப் போட்டு அணைந்ததைக் கேட்டபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. போடும் அளவும் நிறுத்தும் அளவும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ஏ.சி., எக்ஸாஸ்ட் ஃபேன் விதிகளுக்கும் இதேதான்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்து எழுந்தது. '30க்குக் கீழே' என்கிற ட்ரிக்கர், அளவு 30 என்ற கோட்டைத் தாண்டி இறங்கும் நொடியில் மட்டும்தான் அடிக்கும். ஒரு நாள் இரவு 11 மணிக்குத் தொட்டி 28க்கு இறங்கியது. பெல் அடித்தது. நேரம் 9ஐத் தாண்டிவிட்டதால் கண்டிஷன் மறுத்துவிட்டது. காலையில் 26 ஆனது, 22 ஆனது. கோட்டைத்தான் ஏற்கெனவே தாண்டியாயிற்றே, பெல் திரும்ப அடிக்கவில்லை. தலைக்கு ஷாம்பு போட்ட நிலையில் என் மனைவி பாத்ரூமிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 'காலை 6 மணி' என்பதையும் ஒரு ட்ரிக்கராகச் சேர்த்து, 'தொட்டி 30க்குக் கீழே இருக்கிறதா' என்பதைக் கண்டிஷனிலும் எழுதினேன். அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

மென்பொருளை மட்டும் நம்பி மோட்டாரை விட்டுவிடாதீர்கள். தொட்டியில் தண்ணீரோடு மிதந்து ஏறி இறங்கும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு அதை நேரடியாக மோட்டாரின் கான்டாக்டரோடு (பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச்) வயரிங் செய்யச் சொல்லுங்கள்; வைஃபை செத்தாலும் அது மோட்டாரை நிறுத்தும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சென்சார் வாங்கும் ஆர்வத்தில் மோட்டாரையே ஒரு சின்ன ஸ்மார்ட் ப்ளக்கில் சொருகிவிடவும் கூடாது. 1 ஹெச்.பி. என்றால் 746 வாட்தானே என்று தோன்றும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ப்ளக்கின் உள்ளே கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் 'ஆஃப்' என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் ஓடும். ஸ்மார்ட் ஸ்விட்ச் கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இந்த வேலைக்கு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிடுங்கள்.

படி 3: கரண்ட் போய் வந்தால்?

ஒவ்வொரு விதியையும் பார்த்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். முதல் வேலை, ஸ்விட்சின் செட்டிங்கில் 'கரண்ட் வந்ததும் என்ன நிலை' என்ற தேர்வைத் தேடுவது. பெரும்பாலும் ஆன், ஆஃப், பழைய நிலை என்று மூன்று இருக்கும். மோட்டார், கீசர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஆஃப். ஸ்விட்சுக்குள்ளேயே 'இத்தனை நிமிடத்தில் தானாக அணை' என்ற வசதி இருந்தால் அதையும் போட்டுவையுங்கள். ஹப்பே இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.

அடுத்து, ஹப்பையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் புதிதாக ஒரு வேடிக்கை ஆரம்பிக்கும். ஹப் விழித்திருக்கும், ஆனால் இன்வெர்ட்டரில் இல்லாத ஏ.சி. ஸ்விட்ச் 'தொடர்பில் இல்லை' என்ற நிலைக்குப் போய்விடும். கரண்ட் வந்ததும் அது 'தொடர்பில் இல்லை'யிலிருந்து 'ஆன்'னுக்கு வரும். எங்கள் வீட்டில் 'ஏ.சி. ஆன் ஆனால் ஸ்பீக்கரில் சொல்' என்று ஒரு விதி இருந்தது. நடு ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் திரும்பி வந்ததும் ஸ்பீக்கர் கணீரென்று "ஏ.சி. போட்டாச்சு, ஜன்னலை மூடுங்கள்" என்றது. குழந்தை எழுந்து அழுதது, நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். ட்ரிக்கரில் 'ஆன் ஆனால்' என்று மொட்டையாக விடாமல் 'ஆஃபிலிருந்து ஆன் ஆனால்' என்று எழுதினால் இந்தக் கூத்து நடக்காது.

படி 4: மே மாதத்து சென்சார்

நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சாதாரண பி.ஐ.ஆர். சென்சார், உடம்பிலிருந்து வரும் வெப்பத்துக்கும் சுற்றியிருக்கும் சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத ரூமின் சுவர் நம் தோலின் சூட்டை நெருங்கிவிடும். அப்போது அதன் கண்ணுக்கு நாம் மங்கித்தான் தெரிவோம். டிசம்பரில் ஒழுங்காக இருந்த விதி மே மாதம் சொதப்பினால் உடனே சென்சாரை மாற்றப் போகாதீர்கள். விளக்கை அணைக்கும் முன் காத்திருக்கும் நேரத்தை இரண்டு நிமிடத்திலிருந்து பத்தாகக் கூட்டிப் பாருங்கள். காத்திருக்கும்போது மறுபடி நடமாட்டம் தெரிந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஹோம் அசிஸ்டன்டில் விதியின் மோடை 'ரீஸ்டார்ட்' என்று வைத்தால் அப்படி நடக்கும்.

அசையாமல் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு ரேடார் மாதிரி வேலை செய்யும் எம்.எம்.வேவ் வகை சென்சார் நல்லது, மூச்சு விடும் அசைவைக்கூடப் பிடிக்கும். ஆனால் ஓடும் ஃபேனையும் ஆளென்று நினைத்துவிடலாம். நம் ஊரில் ஃபேன் எப்போது நிற்கிறது? சீலிங் ஃபேன் அதன் பார்வையில் படாத மூலையாகப் பார்த்து மாட்டுங்கள்.

படி 5: கையால் அணைத்தால் மதிக்கட்டும்

"நான் அணைச்ச லைட்ட யாருடா திரும்பப் போட்டது?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது யாராவது சுவரில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டி அணைத்தால், அந்த அறையின் விதிகள் ஒரு மணி நேரம் ஒதுங்கிக்கொள்ளும். இதற்கு ஆப்பிலேயே ஒரு பொய் ஸ்விட்சை உருவாக்கி, கையால் அணைத்ததும் அது ஒரு மணி நேரம் ஆனில் இருக்கும்படி வைத்து, 'இது ஆஃபில் இருந்தால் மட்டும்' என்று எல்லா விதிகளிலும் கண்டிஷன் சேர்த்தால் போதும். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போது போட்டுக்கொள்ளவும் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன்.

படி 6: ஒரு வாரம் வெறும் செய்தி, அப்புறம் எம்.சி.பி.

புது விதி எழுதியதும் ஆக்‌ஷனில் மோட்டாரைத் தொடாதீர்கள். 'இப்போது மோட்டாரைப் போட்டிருப்பேன்' என்று ஃபோனுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் அந்தச் செய்திகள் வரும் நேரத்தைப் பாருங்கள். சரியாக இருந்தால் நிஜ ஆக்‌ஷனைச் சேருங்கள்.

விதி ஓடவில்லையென்றால் ஹோம் அசிஸ்டன்டில் அந்த விதியின் ட்ரேஸைத் (அது எப்படி ஓடியது என்ற பதிவை) திறங்கள். சாதாரணமாகக் கடைசி ஐந்து ஓட்டங்கள் அதில் இருக்கும். அந்த நேரத்துக்கு ட்ரேஸ் இருந்து, நடுவில் நின்றிருந்தால் கண்டிஷனில் கோளாறு. ட்ரேஸே இல்லையென்றால் பெல் அடிக்கவில்லை, ட்ரிக்கரைப் பாருங்கள்.

கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டு மெயின் எம்.சி.பி.யை (கரண்டைத் துண்டிக்கும் மெயின் ஸ்விட்சை) கீழே தள்ளுங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் போட்டு, மாடியில் நின்று மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். தள்ளுவதற்கு முன் வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, அம்மா மிக்ஸியில் இட்லிப் பொடி அரைத்துக்கொண்டிருந்தார்.