ஹிப்னாடிசத்துக்குப் போன கதை

11 வருடமாகத் தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் இரண்டு. மனைவி வற்புறுத்தித்தான் ஹிப்னோதெரபிக்குப் போனேன். அந்தச் சிகிச்சையாளர் முதலில் கேட்டது, "காலையில் கை நடுங்குமா?" ஆமாம் என்றதும் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டார். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாமாம். ஒரு வாரம் மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி. அப்புறம்தான் ஹிப்னோதெரபிக்காரரின் சாய்வு நாற்காலி.

மயக்கமெல்லாம் இல்லை, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்டது. மூச்சை எண்ணியபடி, டாஸ்மாக் வாசலைத் தாண்டி நடப்பதாக நினைக்கச் சொன்னார். குடியே வெறுத்துப்போகும் என்று பார்த்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 7 மணிக்குக் கிளம்பும் அந்த நமைச்சல் அரை மணியில் தானாக அடங்கிவிடும் என்பது பிடிபட்டது. அந்த அரை மணிக்கு மோர், உப்பு தூக்கலாக. நாலாம் மாதம் ஒரு கல்யாணத்தில் சறுக்கினேன். மறுநாளே நாற்காலிக்குத் திரும்பினேன். இப்போது வீட்டில் மோர்ச் செலவுதான் அதிகம்.