கால் வீக்கம்: வற்றவைக்கும் அவசரத்தில் நேரும் தவறுகள்

கணுக்காலும் பாதமும் வீங்கியிருப்பதைக் கண்டதும், அதை எப்படி வற்றவைப்பது என்பதே பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்வியாக எழுகிறது. வீக்கம் ஒரு காலிலா இரு கால்களிலுமா, ஓரிரு நாட்களில் வந்ததா மெல்ல மெல்லக் கூடியதா, முன்காலெலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்பவற்றை முதலில் பார்த்துவிட்டால், பின்னால் நேரும் பல தவறுகளைத் தவிர்க்கலாம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கோளாறுகள் பெரும்பாலும் இரு கால்களையும் ஒருசேர வீங்கவைக்கும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், அந்தக் காலின் இரத்தக்குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ தோலிலோ மூட்டிலோதான் முதலில் காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரு கால் திடீரென வீங்கிக் கெண்டைச்சதை வலிக்கும்போது, சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது மிகவும் ஆபத்தான தவறு. காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தால், அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறிக்கக்கூடும். அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருந்தவர்கள், காலில் மாவுக்கட்டு போட்டிருப்பவர்கள், அண்மையில் பிரசவமான பெண்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள் ஆகியோருக்கு இவ்வாறு நேரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்கள் அன்றே மருத்துவமனைக்குச் சென்று இரத்தக்குழாயில் ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. கால் வீக்கத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்துகொண்டால் 108 ஆம்புலன்ஸை அழைப்பதில் தயக்கமே கூடாது.

நீரிழிவு நோயாளிகளின் பாதத்தை நான் தனியாகவே எடுத்துப் பேச விரும்புகிறேன், ஏனெனில் இங்கு நேரும் தவறு காலின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் பாதம் வீங்கி, சிவந்து, மற்றொரு பாதத்தைவிடச் சூடாக இருந்தும் அதிக வலி இல்லையென்றால், உள்ளே எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கிக்கொண்டிருக்கக்கூடும். சார்கோ பாதம் எனப்படும் இந்த நிலையில், உணர்வு நரம்புகள் மழுங்கிவிட்டதால் வலி எச்சரிப்பதில்லை. வலிதான் இல்லையே என்று தொடர்ந்து நடப்பவர்களுக்கு உள்வளைவு சரிந்து பாதம் தட்டையாகி, பிறகு அடிப்பாதத்தில் ஆறாத புண்ணும் வந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே அந்தக் காலில் எடை விழாதபடி கட்டுப்போட்டுக் காப்பாற்றினால் இந்த நிலையைத் தடுக்கலாம். இதே நோயாளிகள், வீக்கம் வற்றட்டும் என்று வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை அமிழ்த்தி வைப்பதும் தவறு. சூடு உறைக்காத பாதம் வெந்துபோனதைக் கொப்புளம் கிளம்பிய பிறகே கவனிக்கிறார்கள்.

மருந்துகளே வீக்கத்துக்குக் காரணமாவதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் அம்லோடிபின், குறிப்பாக 10 மில்லிகிராம் அளவில், சிறு தமனிகளை விரிவடையச் செய்து கணுக்காலில் நீர் கசிந்து தேங்க வழிவகுக்கிறது. இதை அறிந்தவுடன் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது ஒரு தவறு. அழுத்தம் மீண்டும் ஏறிப் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடலாம். மாத்திரையை விடாமல், மருந்துக்கடையில் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னொரு தவறு, ஏனெனில் இவ்வகை வீக்கத்துக்கு அது பெரிதாக உதவுவதில்லை. உடலின் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து தலைசுற்றலும் சோர்வும்தான் மிஞ்சும். மருத்துவர் அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ இதை எளிதில் சரிசெய்வார். மூட்டுவலிக்காக மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகள் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைப்பதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன என்பதால், மருத்துவரிடம் செல்லும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொடிகளையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

காலில் நீர் கோத்துக்கொண்டது என்று தாமாகவே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள், ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை விடுவதில்லை. உடலில் நீரைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் உப்பே. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே என்பதால், அதற்கு மாறுவதால் பயன் ஏதுமில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இளநீரும், சோடியம் குறைக்கப்பட்ட உப்பும் எடுத்துக்கொண்டால், அவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும்.

கர்ப்ப காலத்தில் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் 20 வாரங்களுக்குப் பிறகு முகமும் கைகளும் திடீரென வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ சேர்ந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்தாக வேண்டும்.

ஜவுளிக்கடைகளில் பகல் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு மாலையில் கணுக்கால் கனப்பதும், நாளடைவில் சிரைகள் சுருண்டு புடைப்பதும் நாம் கண்டும் காணாமல் விட்ட துன்பம். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கினார்கள். அந்த இருக்கையில் உட்கார விடுவது முதலாளியின் கடமை. காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை இவர்களுக்கு உதவும் என்றாலும், புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் காலில் தமனி இரத்த ஓட்டம் சீராக உள்ளதா என்று சோதித்த பிறகே அதை அணிய வேண்டும்.

இரவு தூங்கி எழுந்தால் வற்றிவிடுகிறதே என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதும் தவறுதான். படுக்கும்போது காலில் தேங்கிய நீர் இரத்த ஓட்டத்துக்குத் திரும்புவதால், இதயம் பலவீனமடைந்தவர்களுக்கும் தொடக்கத்தில் காலையில் வீக்கம் குறைந்தே தெரியும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதும், தலையணைகளை அடுக்கிக்கொள்ள வேண்டியிருப்பதும், இரண்டு மூன்று நாட்களில் உடல் எடை 2 கிலோ கூடுவதும் இதயத்தைச் சோதிக்கச் சொல்லும் அறிகுறிகள். காலையில் கண்ணிமைகள் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கான முதல் பரிசோதனைகளை அரசு மருத்துவமனையிலேயே கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.