நிலவேம்பு: கொதிக்க வைப்பதா, ஊறப் போடுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்பூட் தோட்டப்புற வீடுகளில் நிலவேம்பைத் தொட்டியிலேயே வளர்க்கலாம். மலாய்க்காரர்களுக்கு அது ஹெம்பெடு பூமி. செம்பனை வரிசை ஓரம் தானாக முளைத்ததைப் பறிக்க வேண்டாம். பராகுவாட் 2020-இல் தடையானாலும் வேறு களைக்கொல்லி அடிக்கிறார்கள்.

பூ எடுக்கும் தருணத்தில் அறுங்கள். கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில்தான் அதிகம். சாயங்கால மழை பிடிக்கும் ஊரில் நிழலை மட்டும் நம்பினால் பூஞ்சை பூத்துவிடும்; மின்விசிறிக்கு அடியில் மெல்லிசாகப் பரப்புங்கள். இலை விரலிடுக்கில் நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம். தேயிலைத் தூள் அளவுக்கு அரைத்தால் போதும். மாவாக்கினால் வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

அந்தக் கசப்புச் சத்தை இறக்க மூன்று முறைகள் உண்டு. ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு முறைக்கும் 20 கிராம் தூள், 200 மி.லி. கரைப்பான் (கஷாயத்துக்குத் தண்ணீர், மற்ற இரண்டுக்கும் 70% எத்தனால்).

கஷாயம்: மூடி 30 நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். சக்கையில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள், இன்னும் கசக்கும். அந்தச் சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது.

ஊறல்: 95% எத்தனால் 737 மி.லி.யில் தண்ணீர் விட்டு 1 லிட்டராக்கினால் 70% கிடைக்கும். கண்ணாடிப் புட்டியில் 7 நாள், தினம் இருமுறை குலுக்குங்கள். தண்ணீர் இலைத்திசுவை ஊதவைக்கும், ஆல்கஹால் சத்தைக் கரைக்கும். 95%-ஐ அப்படியே ஊற்றினால் பச்சையம் கூடுதலாக இறங்கிச் சாறு பிசுபிசுக்கும். பெயின்ட் கடை ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், மெத்தனால் இருக்கலாம்.

சாக்ஸ்லெட் (கொதிக்கும் கரைப்பானின் ஆவியைக் குளிர்வித்துத் தூள்மேல் திரும்பத் திரும்பச் சொட்டவிடும் கண்ணாடிக் கருவி): பள்ளி ஆய்வுக்கூடம் இருந்தால் மட்டும், அதுவும் நீர்த்தொட்டிச் சூட்டில், திறந்த நெருப்பு ஆகாது. தூளை, நிரம்பிய கரைப்பானைக் கீழே இறக்கும் வளைகுழாயின் உயரத்துக்கு மேல் நிரப்பினால் மேல்பகுதி நனையாது. பலர் கவனிக்காத ஒன்று: 70% ஊற்றினாலும் மேலேறும் ஆவியில் ஆல்கஹால் அதற்கு மேல் இருக்கும், ஆகவே தூளைத் தொடுவது 70% அல்ல. ஊறலோடு நேரடியாக ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

மூன்றிலும் சக்கையைப் பிழிந்து, அதே கரைப்பானால் கழுவி, திரும்ப 200 மி.லி. ஆக்குங்கள். 10 மி.லி.யை எடை பார்த்த தட்டில் காயவைத்து எடை பார்த்து, தட்டின் எடையைக் கழித்து, 20-ஆல் பெருக்கினால் மொத்தச் சாறு. இந்த எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கஷாயத்தில் சர்க்கரையும் உப்பும் பசையும் சேர்ந்தே கனக்கும். சத்துகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் ஒளிரும் வகை (F254) சிலிக்கா தகட்டில் மூன்று சாறுகளோடு தூய ஆண்ட்ரோகிராஃபோலைடையும் அருகில் வைத்து ஓட்டி, 254 நானோமீட்டர் புறஊதா விளக்கில் புள்ளிகளின் கருமையைப் பாருங்கள்.

வீட்டளவில் எங்கள் தேர்வு ஊறல்தான். கற்பூரவள்ளிக்கு இந்தக் கணக்கு செல்லாது: அதன் எண்ணெய் ஆவியாகும், திறந்த பானையில் கொதித்தால் வாசனையாகப் போய்விடும். அதற்கு நீராவி வடிப்பு.

புட்டியைப் பசாரில் விற்க நினைத்தால் முதலில் மலேசியாவில் மருந்துப் பொருள்களுக்குத் தரப்படும் எம்ஏஎல் (MAL) பதிவு எண் வாங்க வேண்டும்.