அகில் கட்டையை மும்பைக்குக் கெடாமல் கொண்டு வர

அசாமிலிருந்து அகில் கட்டை எடுத்து வருகிறீர்களா, முதலில் ஈரத்தைப் பாருங்கள். வெட்டிய கையோடு பிளாஸ்டிக்கில் கட்டிவிட்டால், தாராவி குடோனில் பிரிக்கும்போது வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து மக்கிய வாடைதான் வரும், பார்க்கவே மனசு வலிக்கும். நிழலில் உலர்த்துங்கள், வெயில் வேண்டாம், வாசனை போய்விடும். கருத்த பிசின் துண்டுகளை வெளுத்த கட்டையோடு கலக்காமல், தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அசையாமல் அடுக்குங்கள். உதிரும் தூளும் காசுதான், அடியில் துணி விரியுங்கள். சீவும்போது முகக்கவசம் கட்டாயம். அப்புறம், வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள், அதில் எழுதிய எடையும் பெட்டியின் எடையும் ஒத்துப்போக வேண்டும். துபாய்க்கு அனுப்புவதென்றால், அசாம் அகில் 1995 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அந்தச் சைட்டிஸ் அனுமதி கைக்கு வராமல் சரக்கை ஏற்றாதீர்கள்.